செவியின் பாடு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடம் வழக்கமாக எதிர்பார்க்கப்படுவன இரண்டே என்பது என் நினைவுக்கு வந்தது. ஒன்று சங்க காலத்து மக்களின் விருந்தோம்பல். மற்றது இக்காலத்து மாணாக்கரின் எழுத்துப் பிழை. முன்னையதைப் பற்றி என்னினும் வல்லவர்கள் முந்திய மலர்களிலே நிரம்ப எழுதிவிட்டனர். பின்னையதைப் பற்றி எழுதப் புகுந்தால், அச்சகத்தார் தம் பங்குக்குச் சில பிழைகளைச் சேர்த்து என் கட்சிக்கு வேண்டாத வலிமையைத் தேடித் தந்துவிடுவர். ஆதலால் இரண்டையும் விடுத்து, நம் எல்லோருக்கும் நாள்தோறும் நேர்கின்ற ஒரு சிறு தொல்லையைப் பற்றிச் சிறிது பேசத் துணிந்தேன். ஓசை என்பதே அத்தொல்லை.

படைப்பிலே குறை காண்பது சைவ மாணவனுக்கு அடாது என்பர். ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருத்தல் இயலவில்லை. கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு உதடு உண்டு. அதனை மூடிப் பயன்கொள்வோர் சிலரே எனினும், உண்டு. மூக்கை இரு விரலாற் பொத்திக்கொள்ளலாம். செவி ஒன்றுக்குத்தான் கதவு வைக்கப்படவில்லை. நாம் உறங்கும்பொழுதும் அது படலை திறந்த வளவுபோலக் கிடக்கின்றது. எவரும் நுழையலாம், எதனையும் கொட்டலாம்.

முதலில் நுழைவது கோயில் ஒலிபெருக்கி. எங்கள் ஊர்க் கோயிலிலே குழாய் ஒலிபெருக்கிகள் நான்கு உள. நான்கும் நான்கு திசையை நோக்கியிருக்கின்றன. மூலத்தானத்தை நோக்கியது ஒன்றேனும் இல்லை. அவற்றை உபயஞ் செய்தவர் வெளிநாட்டிலே வாழும் அன்பர் ஒருவர். திருவிழாவுக்கு வந்த அவர், கொடியேறிய மூன்றாம் நாளே தலையிடி தாங்காது நகரத்து விடுதியொன்றுக்குக் குடிபெயர்ந்து, எஞ்சிய திருவிழாவைக் கைத்தொலைபேசியிலே கண்டு தரிசித்தார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி ஒலித்தலாகாது என்று 2007 ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் வகுத்தது உண்மையே. விசேட நிகழ்வுகளுக்கு விலக்கும் உண்டு. நம் ஊர்களிலே விசேடமல்லாத நாள் எது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அத்தகைய நாள்கள் பெரும்பாலும் மின்சாரம் தடைப்பட்ட நாள்களாகவே இருந்தன.

கோயில் ஓய்ந்ததும் பாண் வண்டி வரும். இலங்கையின் பல பாகங்களிலும் பாண் விற்கும் முச்சக்கர வண்டிகள் ஓர் இசையை ஒலித்துக்கொண்டு செல்வதை வாசகர் அறிவர். அது ஜெர்மானிய இசைமேதையாகிய பீத்தோவன் 1810 ஆம் ஆண்டிலே 'எலிசாவுக்காக' என்று பியானோவுக்கு அமைத்த உருப்படியின் தொடக்கமாகும். அவ்விசை யாருடையது என்று ஆறாம் வகுப்பிலே ஒருநாள் வினவினேன். "பாண்காரருடையது, சேர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலாக விடையிறுத்தது. பீத்தோவனுக்கு அக்காலத்திலேயே செவிப்புலன் பெரிதும் மங்கியிருந்தது. எங்கள் ஒழுங்கையின் மேடுபள்ளங்களிலே அவருடைய இசை படும் பாட்டை நினைக்குந்தோறும், அவருக்கு நேர்ந்த அக்குறையில் ஓரளவு கருணையும் கலந்திருந்ததோ என்று எண்ணத் தோன்றுகின்றது. ஆயினும் பாண் வண்டியின்மேல் எனக்குப் பகை இல்லை. அது சொல்வது ஒன்று, சொல்ல வேண்டியவர்க்கே சொல்லுகின்றது, சொன்னதும் போய்விடுகின்றது. மேடையேறும் பேச்சாளர் பலரிடம் இம்மூன்று குணமும் காண்டல் அரிது.

அதன் பின் பேருந்து. சாரதியின் தலைக்கு மேலே ஒரு பெட்டி சினிமாப் பாடலைப் பொழிய, ஒவ்வோர் இருக்கையிலும் கைத்தொலைபேசி ஒவ்வொன்று தனித்தனியே வேறு பாடலைப் பொழியும். இக்காலத்தவர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசுவதில்லை. பாண் துண்டைக் கடிப்பவர் போல வாய்க்கு நேரே பிடித்து, மறுமுனையில் இருப்பவருடைய குரலையும் ஊருக்கே பகிர்ந்தளிக்கின்றனர். சில மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் நோக்கிச் சென்ற பேருந்திலே ஒருவர் கனடாவிலுள்ள தம் தமையனாரோடு காணிப் பங்கீடு பற்றி வாதாடிக்கொண்டு வந்தார். கொக்குவில் தாண்டும்பொழுது கிணற்றுப் பங்கு பற்றிய உறுதியின் விவரம் பயணிகள் யாவருக்கும் மனப்பாடம் ஆயிற்று. இணுவில் வருமுன் பேருந்து இரு கட்சியாகப் பிரிந்தது. மருதனார்மடத்திலே அவர் பேச்சை முடித்து இறங்க எழுந்தபொழுது, பின்னிருக்கையிலிருந்த முதிய அம்மையார் ஒருவர், "தம்பி, கொண்ணர் கடைசியா என்ன சொன்னவர்? இந்த ஹோண் சத்தத்திலை எனக்கு விளங்கேல்லை" என்று கேட்டார். அவரும் நின்று விளக்கிவிட்டே இறங்கினார்.

அந்த அம்மையாரை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அன்று நான் சென்ற வழியெங்கும் கேட்டவற்றுள், ஒருவர் முன்னே சாய்ந்து செவிகொடுத்துக் கேட்டது அது ஒன்றையே. ஒலிபெருக்கி சொன்ன யாவும் அவருடைய செவியிலும் விழுந்திருக்கும். அவற்றை அவர் கேட்டிலர். ஓசை செவியில் விழுதலும் மனிதன் கேட்டலும் இருவேறு தொழில்கள். முன்னையதற்குக் காது மாத்திரம் போதும். பின்னையதற்குச் சிறிது உழைப்பு வேண்டும். ஒலி பெருகப் பெருக அவ்வுழைப்பு நம்மிடத்தே அருகிவருகின்றது என்பதே நான் சொல்ல வந்தது. திருவள்ளுவர் 'கேள்வி' என்று தனி அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்தை இன்று பாடமாக்கும் மாணவன், அச்சொல்லுக்குப் பொருள் வினாத்தாளிலே வரும் வினா என்று கொள்வானாயின் அவனை முற்றாகக் குறைகூறுதல் கூடாது.

ஒலிபெருக்கி பழைய சாதனமும் அன்று. 1915 ஆம் ஆண்டிலே ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் கலிபோர்னியாவிலே அதனைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். தம் கருவிக்கு அவர்கள் 'மாக்னவொக்ஸ்' என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியிலே அதற்குப் பெருங்குரல் என்பது பொருள். அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன், 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்து இறுதி நாளிலே, ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அப்பிரசங்கங்கள் தொடர்ந்தன. கருவியும் இல்லை, மின்சாரமும் இல்லை, முன்வரிசையிலே சாய்வு நாற்காலியும் இல்லை. எண்ணெய் விளக்கின் முன் ஒருவர் தமது தொண்டையை மாத்திரம் நம்பிப் பேசினார். கேட்டோர் தத்தம் செவியை நம்பி நெருங்கி அமர்ந்தனர். அங்கே ஒரு குழந்தை அழுதால் தாய் எழுந்து வெளியே சென்றிருப்பாள். இன்று குழந்தை அழுதால் ஒலிபெருக்கியின் திருகை இன்னும் சற்றுத் திருப்புகின்றோம்.

புராண படனமும் அவ்வாறே. கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே தலைமுறை தலைமுறையாக வந்தது. ஏடெழுத அறியாத கமக்காரரும் சூரபன்மனுடைய வாதங்களை அடிபிசகாமல் எடுத்துச் சொல்வாராம். பண்டிதமணி கணபதிப்பிள்ளை அவர்கள் நம் வாழ்க்கை முறைக்குக் கந்தபுராண கலாசாரம் என்று பெயர் சூட்டியதும் இது பற்றியே. அது படித்துப் பெற்ற கலாசாரம் அன்று, கேட்டுப் பெற்றது. படனம் இன்றும் சில இடங்களிலே நடக்கின்றது. வாசிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர், ஒலிபெருக்கியைக் காப்பவர் ஒருவர் என மூவர் இருப்பர். அவர்கள் ஊர் முழுவதற்கும் வாசிக்கின்றனர். ஊர் தன் தன் வீட்டிலே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கின்றது. வீட்டிலிருந்தபடியே காதில் விழுகின்றதென்றால் கோயிலுக்குப் போவானேன்?

பழமையைப் புகழ்ந்து பேசுகின்றான், இயந்திரத்தைப் பழிக்கின்றான் என்று இளைஞர்கள் என்னை ஒதுக்கிவிடலாகாது. இயந்திரத்தின் வழியாகக் கேட்கக் கற்றுக்கொண்டவன் நான். 1990 ஆம் ஆண்டின் நடுவிலே போர் மீண்டும் மூண்டபொழுது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. நான் அப்பொழுது பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன். வானொலி கேட்க வேண்டுமாயின் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின்சக்கரத்திலே டைனமோவைச் சாய்த்து, அதன் கம்பியை வானொலிப் பெட்டியோடு இணைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்ற வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவருடைய குரலும் தளரும். பாட்டு நாடாவை ஓட்டினாலோ இன்னும் விசேடம். சுற்றுபவன் களைக்கக் களைக்கச் சௌந்தரராசனும் களைத்து, சரணத்தின் நடுவிலே மழைக்காலத்து மாட்டுத் தவளையின் குரலை எய்துவார். புதியவன் ஒருவன் கைமாற்றிச் சுற்றினால் திடீரென்று பாலகனாகி மூச்சுவாங்கப் பாடுவார்.

அயலிலுள்ளார் பதினைந்து பேருக்கு அந்த ஒரு பெட்டி. இரவிலே இலண்டன் தமிழோசைக்காகத் திண்ணையிலும் முற்றத்திலும் வந்து கூடுவர். இருமுவோர் இருமலை முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. சுற்றும் முறை சிறுவர்களாகிய எங்களுக்கு வரிசையாக வரும். எந்தச் செய்தியின் நடுவிலே கை சோர்ந்தாலும் பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு சொல்லும் சொல்லாது மிதிகட்டையை வாங்கிக்கொள்வார். ஒலிபரப்பு முடிந்ததும், செய்தியிலே வந்த ஒரு சொல் 'இணக்கம்' என்பதா 'விளக்கம்' என்பதா என்று அரைமணி நேரம் ஆராய்ச்சி நிகழும். ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்டல் இயலாது. ஆதலின் ஒவ்வொருவரும் சொல்லுக்குச் சொல் நெஞ்சிலே பதித்து வைத்திருப்பர். நான் பின்னாளிலே ஆசிரிய கலாசாலையிற் பயின்ற கேட்டற் பயிற்சி முறைகள் யாவற்றினும் அத்திண்ணைப் பயிற்சி கடுமையானது. 2017 ஆம் ஆண்டு ஏப்பிரலிலே தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபொழுது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அறிவிப்பாளர் எவருடைய குரலும் அன்று. வலத் தோள்மூட்டிலே அக்காலத்தில் எழுந்த வலியே.

அக்காலம் மீள வேண்டும் என்று சித்த சுவாதீனமுள்ள எவனும் வேண்டான். இருளையும் பசியையும் பயத்தையும் மறந்துவிட்டு, போர்க்காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசும் பேச்சு எனக்கு உடன்பாடன்று. டைனமோ கற்பித்த ஒன்றை மாத்திரமே இங்கே எடுத்துக்கொள்கின்றேன். கேட்டலுக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையைக் கேட்போரே கொடுத்தனர். அதனால் வீண் ஓசைக்கு அங்கே இடம் இருக்கவில்லை. தன் கையாற் சுற்றிப் பெற்ற மின்சாரத்தை எவனும் "ஹலோ, மைக் ரெஸ்ரிங், வண், ரூ, திறீ" என்பதற்குச் செலவிடமாட்டான். இந்த மூன்று எண்களுக்கு மேல் எண்ண அறிந்த ஒலிபெருக்கிக்காரரை நான் இன்னும் கண்டிலேன் என்பதை இடையிலே சொல்லிவைக்கின்றேன்.

இது வெறும் தொல்லையாக மாத்திரம் இருந்தால் நானும் பஞ்சைக் காதிலே வைத்துக்கொண்டு மாணாக்கரின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். வகுப்பறையிலே நான் காண்பது தொல்லையினும் பெரிது. உயர்தர வகுப்பிலே யாப்பிலக்கணம் கற்பிக்கின்றேன். செய்யுள் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிச் சீர் பிரிக்கச் சொன்னால் மாணாக்கர் விரைந்து பிரிக்கின்றனர். நேர், நிரை என்று அலகிட்டு, தேமா, புளிமா என்று வாய்பாடு கூறி, தளையும் காட்டி, இது வெண்பா என்று நிறுவிவிடுகின்றனர். கணக்கிலே பிழை இல்லை. அதே செய்யுளை எழுதாது வாயாற் படித்துக்காட்டி, இஃது என்ன பா என்று கேட்டால் வகுப்பு விழிக்கின்றது. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று அவர்கள் வரிசை தவறாமல் ஒப்புவிப்பர். நான்கும் நான்கு பெயர். ஓசை ஒன்றேனும் செவியிலே இல்லை. ஓசையை அளந்து பாவை வகுத்தனர் நம் முன்னோர். நாமோ பாவை அளந்து மதிப்பெண் வகுக்கின்றோம்.

இதனைப் பிள்ளைகளின் குற்றம் என்று நான் சொல்லேன். அவர்களிற் பலர் பாடசாலைக்கு வெளியே இரு காதிலும் சிறு குமிழ்களைச் செருகிக்கொண்டு திரிவதைக் கண்டு பெரியோர் வெகுளுகின்றனர். நான்கு திசையிலும் நாம் குழாய்களைக் கட்டிவிட்டு, பிள்ளை தன் காதுக்கு ஒரு கதவு செய்துகொண்டான் என்று சினத்தல் எவ்வாறு பொருந்தும்? அக்குமிழுக்குள்ளே ஒலிப்பது சில வேளைகளில் நல்ல இசையாகவும் இருக்கின்றது. ஆனால் ஒன்று. அதனை அவன் தனியே கேட்கின்றான். அதன் பின்பு 'இணக்கமா, விளக்கமா' என்று ஆராய அவனுக்குத் திண்ணையும் இல்லை, அயலாரும் இல்லை.

இனி, பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். விழாவின் நினைவாகக் கல்லூரிக்கு ஒரு மண்டபம் எழவிருக்கின்றது. பல நாடுகளிலிருந்தும் அன்பர்கள் பொருளுதவி செய்கின்றனர். அவர்களுடைய தாராளத்தை வாழ்த்துகின்றேன். வரைபடத்தை ஆசிரியர் கூடத்திலே விரித்துக் காட்டினார்கள். கொங்கிறீற்றுக் கூரை, கண்ணாடிச் சாளரம், முகம் பார்க்கத்தக்க மினுக்கமுள்ள தரை. மேடையின் இருமருங்கும் ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு மாடம். பௌதிக ஆசிரியர் அதனைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். ஓசை வளியிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். 17 மீற்றருக்கு அப்பாலுள்ள வழுவழுப்பான சுவரிலே மோதித் திரும்புவதற்குப் பத்திலொரு செக்கன் ஆகும். அதற்குள் பேச்சாளர் அடுத்த எழுத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார். போன எழுத்தும் வருகின்ற எழுத்தும் நடுவழியிலே முட்டிக்கொள்ளும். 'அவைத்தலைவர் அவர்களே' என்பது பின்வரிசைக்குப் போய்ச் சேரும்பொழுது ஏதோ ஆபிரிக்க நாட்டு நகரத்தின் பெயராக இருக்கும். அதனைத் திருத்த ஒலியைக் கூட்டுவோம். கூட்டினால் சுவரும் கூட்டித் திருப்பும்.

நம் பழைய மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக் கூரை, மர வளை, இருபுறமும் திறந்த வாயில்கள். மிகுந்த ஓசை வெளியே போய்விடும். மரமும் ஓடும் சிறிது உண்டுவிடும். நடுவிலே நின்று ஒருவன் நிதானமாகப் பேசினால் கடைசி வாங்கிலே குறும்பு செய்துகொண்டிருந்தவனுக்கும் கேட்டது. அதனை அறிந்துதான் கட்டினார்களோ, பணம் போதாமையால் அவ்வாறு அமைந்ததோ, தெரியாது. நாவன்மைப் போட்டிகள் அங்கே ஒலிபெருக்கியின்றி நடந்த காலத்தைக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அப்போட்டியிலே வென்றவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டவன் அல்லன். சொல்லைப் பிளந்து வைத்தவன்.

ஆகவே நான் கேட்பன சிலவே. புதிய மண்டபத்தின் கூரைக்குக் கீழே மரப்பலகையோ தும்புத் தட்டோ அமையுங்கள்; பின்சுவரை வழுவழுப்பாக விடாதீர்கள். ஒலிபெருக்கிக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போதும். ஆண்டுக்கு ஒரு நாளாயினும் அம்மண்டபத்திலே ஒலிபெருக்கியின்றிப் பேச்சுப் போட்டியும் செய்யுள் ஒப்புவித்தலும் நடக்கட்டும். நடுவர்களை முன்வரிசையிலன்றிக் கடைசி வாங்கிலே இருத்துங்கள். அவர்களுக்குக் கேட்காத சொல்லுக்கு மதிப்பெண் இல்லை. பிரதம விருந்தினருக்கும் இவ்விதி பொருந்துமா என்று அதிபர் வினவினார். பொருந்துமாயின் விழாவின் நேரம் பாதியாகக் குறையும் என்றேன். அவர் முகத்திலே அன்று தோன்றிய மலர்ச்சியைக் கொண்டு, என் விண்ணப்பத்துக்கு ஒரு வாக்காவது உறுதியாயிற்று என்று நம்புகின்றேன்.

இக்கருத்தை எங்கள் ஊரிலே ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அன்பரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவருடைய பிழைப்பிலே மண் போடுவதாக நினைத்துக் கோபிப்பார் என்று அஞ்சினேன். அவர் கோபிக்கவில்லை; இடக் காதைச் சாய்த்து முழுவதும் கேட்டார். "நீங்கள் சொல்லுறது சரிதான், மாஸ்ரர். எனக்கும் இரண்டு வருசமா வலக் காது மந்தம். ஆனால் தலைவர்மார் விடமாட்டினம் பாருங்கோ" என்றார். நமது விழாவுக்கும் அவரிடமே பதிவு செய்தாயிற்றாம். எத்தனை பெட்டி என்று கேட்டேன். எட்டு என்றார்.